குறை சொல்லுங்கள், ஆளறிந்து சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரிய நடிகரின் படம் வெளியாகும் வாரங்களில் தங்கள் ஞாயிறு பதிப்பின் வாசகர் பக்கம் சூடு பறக்கிறது. "பின்னணி இசை வசனத்தை விழுங்கிவிட்டது, இசையமைப்பாளர் சொதப்பிவிட்டார்", "இரண்டாம் பாதி ஒரே இழுவை, எடிட்டர் என்ன செய்துகொண்டிருந்தார்?", "படமே இருட்டு, கேமராமேனைத்தான் கேட்க வேண்டும்" என்று வரிசையாக வருகின்றன. வாசகர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் உண்மையானது. காதும் கண்ணும் சொன்னதைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் குறைக்குக் காரணமானவர் ஒருவர், திட்டு வாங்குகிறவர் வேறொருவர் என்று ஆகிவிடுகிறது. சென்னையில் ஒலிக்கலவைக் கூடத்தை விட்டுக் கிளம்பும் படம், கோலாலம்பூரில் நம் முன் ஓடுவதற்குள் தணிக்கை, மொழிபெயர்ப்பு, கோப்பு, விளக்கு, ஒலிபெருக்கி எனப் பல கை மாறுகிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் எழுதினால் உழைத்தவருக்கு அநியாயம். காசு கொடுத்துப் பார்க்கப் போகிறவருக்கும் அந்த எழுத்தால் பயனில்லை.

இதில் மலேசிய ரசிகர்களுக்குக் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. நம் கடிகாரம் தமிழ்நாட்டைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 2023 தொடங்கி, பெரிய படங்களுக்கே அங்கு முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான் என்றாகிவிட்டது. அப்போது நமக்கு 11.30. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் காலைக் காட்சி பார்த்துவிட்டு வெளியே வருகிறவர் புலனத்தில் (வாட்ஸ்அப்) தட்டிவிடும் நாலு வரி, மதுரையில் இருக்கும் ரசிகர் அரங்குக்குள் நுழையும் முன்பே அவர் கைப்பேசிக்குப் போய்விடுகிறது. ஒரு படத்தின் பெயர் அந்த நாலு வரியில் பாதி முடிவாகிவிடும். அதனால் அது சரியாக இருக்க வேண்டும்.

முதலில் ஒலி. அதிகம் தவறாகப் பேசப்படுவது இதுதான்.

திரையரங்க ஒலிக்கு உலகப் பொதுவான ஓர் அளவு உண்டு. ஒலிச்செயலியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் 7-இல் நிற்கும்போது, திரைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு ஒலிபெருக்கியும் சோதனை இரைச்சலுக்கு 85 டெசிபல் தரும்படி அரங்கைச் சரிசெய்து வைக்க வேண்டும். படத்தின் கடைசி ஒலிக்கலவையும் இதே அளவில் அமைந்த கூடத்தில்தான் நடக்கிறது. இரண்டும் ஒத்துப்போனால், கலவைப் பொறியாளர் கேட்டதை நாமும் கேட்போம். நடைமுறையில் பல அரங்குகள் குமிழை 5-க்குப் பக்கத்தில் வைத்து ஓட்டுகின்றன. விளம்பரம் காதைப் பிளக்கிறது என்று யாராவது புகார் சொல்லியிருப்பார்கள், பக்கத்து அரங்குக்குச் சத்தம் போயிருக்கும். ஒருமுறை இறக்கிய குமிழ் அப்படியே நின்றுவிடும். 4-க்கு மேல் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 3.3 டெசிபல். 7-க்குக் கலந்த படத்தை 5-இல் ஓட்டினால் ஏறத்தாழ 6.7 டெசிபல் போய்விடுகிறது. ஒலிபெருக்கிக்குப் போகும் மின்திறன் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அப்போது அடிதடி தாக்குப்பிடிக்கும். தாயும் மகனும் தாழ்ந்த குரலில் பேசும் காட்சிதான் குளிர்சாதன இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோகும். வெளியே வந்து "டப்பிங் சரியில்லை" என்போம்.

இதன் மறுபக்கமும் உண்டு. அரங்குகள் குமிழை இறக்குவது கலவைக்கூடத்துக்குத் தெரியும். எனவே அங்கே எல்லாவற்றையும் இன்னும் உரக்கக் கலந்து அனுப்புகிறார்கள். அதைக் கேட்ட அரங்குகள் இன்னும் இறக்குகின்றன. உச்சமும் தாழ்வும் தெரியாமல் எல்லாம் ஒரே மட்டத்தில் இரைவது இந்த இழுபறியால் வந்த வினை. 2024 நவம்பர் 14-இல் 'கங்குவா' வெளியானபோது இது பட்டவர்த்தனமாக நடந்தது. சத்தம் தாங்கவில்லை என்று முதல் நாளே குரல் எழுந்தது. தயாரிப்பாளர் ஞானவேல் ராஜா ஒலியளவை 2 புள்ளி குறைத்து ஓட்டும்படி அரங்குகளைக் கேட்டுக்கொண்டார். ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டி, இந்தச் சத்தப் போட்டியில் ஒலிக்கலைஞர்களின் வேலை சிக்கிக்கொள்வதைப் பற்றி வெளிப்படையாக வருத்தப்பட்டார். அந்த 2 புள்ளி என்பது நான் மேலே சொன்ன அதே 6.7 டெசிபல்தான். ஆனால் ரசிகர்களின் கோபத்தில் பெரும்பங்கு போய் விழுந்தது இசையமைப்பாளர் தேவி ஸ்ரீ பிரசாத் மேல்.

இசையமைப்பாளர் பின்னணி இசையை முடித்துத் தரும்போது அது தந்தி, தாளம், குரல், மின்னொலி எனத் தனித்தனித் தடங்களாகப் போகிறது. வசனம் ஒரு தொகுப்பு, காலடி, கதவு, வாகனம் போன்றவை இன்னொரு தொகுப்பு. எது மேலே, எது கீழே என்று தீர்மானிப்பது கலவைப் பொறியாளரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து "இன்னும் ஏற்று" என்று சொல்லும் இயக்குநரும். இசை பிடிக்கவில்லையா, மெட்டையும் வாத்தியத்தையும் பேசுங்கள், அது இசையமைப்பாளருடையது. வசனம் கேட்கவில்லையா, அது கலவை அல்லது அரங்கு.

இரண்டில் எது என்று எப்படிப் பிரிப்பது? வசனம் பெரும்பாலும் திரைக்கு நடுவில் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து வரும். இசை இடமும் வலமும் பரவும். நடுப்பெட்டியோ அதற்கான பெருக்கியோ பழுதானால் இசை கம்பீரமாகவும் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்தும் கேட்கும். படத்துக்கு முன்வரும் முன்னோட்டங்களிலேயே இது தெரிந்துவிடும்; அங்கும் பேச்சு மங்கலாக இருந்தால் படத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. சுவரோர இருக்கையில் உட்கார்ந்தால் பக்கவாட்டு ஒலிபெருக்கி காதருகே இரைந்து பேச்சை மறைக்கும். அரங்கின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால், நடு இருக்கைகள்தான் ஒலியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத் தகுந்த இடம். குறை தெரிந்தால் முதல் 15 நிமிடத்துக்குள் வெளியே போய், பணியில் இருக்கும் மேலாளரிடம் அரங்கு எண்ணைச் சொல்லி, "நடுப்பெட்டி வேலை செய்கிறதா பாருங்கள், குமிழ் எத்தனையில் இருக்கிறது?" என்று கேளுங்கள். "சவுண்டு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். பழுது அப்படியே இருக்கும்.

அடுத்தது "இழுவை". தமிழ்ப்படம் இடைவேளையை மனத்தில் வைத்து எழுதப்படுவது. முதல் பாதியின் முடிச்சு இடைவேளைக் காட்சியில் இறுகும், பிறகு 15 நிமிடம் மூச்சு வாங்கிக்கொள்ள நேரம் கிடைக்கும், இரண்டாம் பாதி மெதுவாகக் கதைக்குள் மறுபடி அழைத்துப்போகும். நம் நாட்டில் பெரும்பாலான பேரங்காடி அரங்குகளில் இடைவேளை விடுவதில்லை. 'இடைவேளை' என்ற எழுத்து திரையில் வந்துபோக, படம் பாட்டுக்கு ஓடுகிறது. இடைவேளைக் காட்சியின் உச்சத்துக்கு அடுத்த நொடியே அந்த நிதானமான பகுதி வந்தால் இழுவையாகத்தான் தெரியும். தமிழ்நாட்டில் அதே காட்சி அப்படித் தெரியாது. 165 நிமிடப் படத்தை ஒரே மூச்சில் பார்த்துவிட்டு எழுதுகிறவர், அப்படித்தான் பார்த்தேன் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

படத்தொகுப்பு பற்றிய புகார்களில் இன்னொன்று, "காட்சி திடுமென்று தாவுகிறது" என்பது. இதற்கு ஒரு சோதனை இருக்கிறது, கண்ணைவிடக் காதுக்கு வேலை. படத்தொகுப்பாளர் வெட்டுவது பின்னணி இசை சேர்வதற்கு முன். அவர் ஒரு காட்சியைப் பாதியில் வெட்டினாலும் இசை அதன் மேல் ஒழுங்காகக் கடந்து போகும். தணிக்கைக்காக வெட்டுவது எல்லாம் முடிந்து கலந்த பிறகு. எனவே தாளம் நடுவில் அறுந்து, பாதிச் சொல் விழுந்து, அடுத்த காட்சி தொடங்கினால் அது படத்தொகுப்பாளர் கை அல்ல. நம் உள்துறை அமைச்சின் கீழ் இயங்கும் திரைப்படத் தணிக்கை வாரியம் 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியாகப் படம் பார்த்து முடிவெடுக்கிறது. இந்தியத் தணிக்கை விட்ட காட்சி இங்கே போகலாம். முடிவே மாறியதும் உண்டு: 2016-இல் வந்த 'கபாலி'யில் இயக்குநர் பா. இரஞ்சித் முடிவைத் துப்பாக்கிச் சத்தத்தோடு கேள்வியாக விட்டிருந்தார். மலேசியாவில் ஓடிய பிரதியில் கபாலி போலீசிடம் சரணடைந்ததாக எழுத்து போட்டார்கள். அந்தப் படத்தின் முடிவைப் பற்றி ஈப்போ ரசிகரும் திருச்சி ரசிகரும் சண்டை போட்டால் இருவரும் வெவ்வேறு முடிவைப் பற்றிப் பேசுகிறார்கள்.

வெளியான பிறகு வெட்டுவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. 2024 ஜூலையில் 'இந்தியன் 2' மூன்று மணி நேரமாக வந்து, சில நாளில் 12 நிமிடம் குறைக்கப்பட்டது. இப்படி வெட்டினால் அரங்குக்குப் புதிய கோப்பு போக வேண்டும். அந்தக் கோப்பைத் திறக்க, குறிப்பிட்ட அரங்கின் சேவைக்கணினிக்கென்று, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று நேரம் குறித்த மின்சாவியும் போக வேண்டும். முதல் காட்சி தாமதமாகி ரசிகர்கள் கதவைத் தட்டும் நாட்களில், அந்தச் சாவி வந்து சேராததும் ஒரு முக்கியக் காரணம். ஆகவே இரண்டாம் வாரத்தில் "நீளம் குறைந்துவிட்டது, இப்போது பார்க்கலாம்" என்று சென்னையில் சொன்னால், நம் அரங்கின் கைப்பேசிச் செயலியில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டு நம்புங்கள்.

இருட்டு விஷயம் சுருக்கமானது. திரையின் வெளிச்சத்துக்கு 14 அடி-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று தரம் உண்டு. விளக்கு பழசானாலோ, முப்பரிமாணப் படத்துக்கு மாட்டிய வடிகட்டியைக் கழற்றாமல் சாதாரணப் படத்தை ஓட்டினாலோ அது இறங்கிவிடும். நமக்கு ஒரு வசதி: மலாய் வசன வரிகள் எப்போதும் திரையில் இருக்கின்றன. அந்த வெள்ளை எழுத்து பளிச்சென்று இருந்து காட்சி மட்டும் இருட்டாக இருந்தால் ஒளிப்பதிவாளரும் நிறத் திருத்தம் செய்தவரும் வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள், தாராளமாக விமர்சியுங்கள். எழுத்தே சாம்பலாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் கோளாறு புரொஜெக்டரில்.

வரைகலைக்கு வருகிறேன். "கிராபிக்ஸ் கேவலம்" என்பது எதையும் சொல்லாத விமர்சனம். எங்கே இடறியது என்று சொன்னால் படைப்பாளிக்கும் உதவும். ஆள் நிற்கும் தரையில் அவர் நிழல் படாமல் மிதப்பது போலத் தெரிகிறதா? தலைமுடி ஓரத்தில் பச்சைச் சாயல் இருக்கிறதா? பின்னணியின் கறுப்பு ஒருமாதிரியும் நடிகர் சட்டையின் கறுப்பு வேறுமாதிரியும் இருக்கிறதா? முன்னதும் கடைசியும் வரைகலைக் கூடத்தில் நேரம் போதாததால் வருவன. பச்சைச் சாயல் பெரும்பாலும் படப்பிடிப்பில், பின்னால் கட்டிய பச்சைத் திரைச்சீலைக்கு மிக நெருங்கி ஆளை நிறுத்தியதால் வருவது. ஒரு நொடிக்கு 24 சட்டகம். ஐந்து நொடிக் காட்சிக்கே 120 சட்டகம் கைவேலை. படத்தொகுப்பை வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்பு வரை மாற்றிக்கொண்டே இருந்தால், செய்து முடித்ததையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். அங்கே குற்றவாளி திட்டமிடல்.

குறிப்பாகச் சொன்ன விமர்சனம் பலன் தந்ததற்குச் சான்றும் இருக்கிறது. 2024-இல் வெங்கட் பிரபு இயக்கிய 'கோட்' படத்தில் விஜய்யை இளைஞராகக் காட்டிய தோற்றம் ஒரு பாடலில் முதலில் வந்தபோது, முகம் பொருந்தவில்லை என்று ரசிகர்களே சொன்னார்கள். ஆகஸ்டில் முன்னோட்டம் வந்தபோது அந்த முகம் நன்றாகவே மாறியிருந்தது. நடிகரை நேசிக்கிறவர்கள் சொன்ன குறை அது, அதனால்தான் காது கொடுத்தார்கள்.

சண்டைக் காட்சியைப் பற்றிப் பேசும்போது இன்னும் நிதானம் வேண்டும். 'விக்ரம்', 'லியோ' இரண்டிலும் சண்டைகளை அமைத்தவர்கள் அன்பறிவ் இரட்டையர். படத்தொகுப்பு பிலோமின் ராஜ். பாராட்டு முழுவதும் இயக்குநர் லோகேஷ் கனகராஜுக்கும் நாயகனுக்கும் போய்ச் சேருகிறது. எந்த அடிக்கு எங்கே கேமரா, எந்த உதை மெதுவோட்டத்தில், எது முழு வேகத்தில் என்பதைச் சண்டைப் பயிற்சியாளர் ஒத்திகை பார்த்துத்தான் படமெடுக்கப் போகிறார்கள். கயிறு தெரிகிறது என்று கேலி செய்யும் முன், அந்தக் கயிற்றில் தொங்கியவர் பெரும்பாலும் நாயகன் அல்ல என்பதையும், கயிற்றை அழிக்க வேண்டியது வரைகலைக் கூடம் என்பதையும் நினைக்க வேண்டும். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் அருகே காரைப் பறக்கவிடும் காட்சியில் ஒரு சண்டைக் கலைஞர் உயிரையே விட்டார். "இன்னும் நிஜமாக வேண்டும்" என்று கேட்கும் ரசிகர்கள் இதை மறக்கக் கூடாது என்று மன்றாடிக் கேட்கிறேன்.

வசூல் சண்டை. மாமாக் உணவுக்கடை மேசையிலிருந்து வாசகர் பக்கம் வரை "எங்கள் தலைவர் 500 கோடி, உங்களுடையவர் 400" என்பதுதான் பேச்சு. சுவரொட்டியில் இருக்கும் எண் மொத்த வசூல், அதாவது நுழைவுச்சீட்டு விற்ற எல்லாப் பணமும். தமிழ்நாட்டில் 100 ரூபாய்க்கு மேற்பட்ட சீட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு. 100 கோடி மொத்த வசூலில் அதைப் பிரித்தால் நிற்பது ஏறத்தாழ 84.7 கோடி. உள்ளாட்சி வரி தனி. மிச்சத்தை அரங்கும் விநியோகஸ்தரும் பங்கு போடுகிறார்கள். விநியோகஸ்தருக்கு 60 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும் 51 கோடிக்குள்தான் வருகிறது. இந்தப் பங்குத் தொகையைப் போட்ட முதலோடு ஒப்பிட்டால்தான் வெற்றியா தோல்வியா என்று தெரியும். விநியோகஸ்தர் எம்.ஜி. (குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை) கொடுத்து வாங்கியிருந்தால், அந்தத் தொகையைத் தாண்டாதவரை நட்டம் அவருடையது, தயாரிப்பாளர் ஏற்கெனவே காசை எண்ணியிருப்பார். அவுட்ரைட், அதாவது ஒரே விலைக்கு முழு உரிமையையும் வாங்குவது என்றால் லாபமோ நட்டமோ முழுக்க வாங்கியவர் தலையில். கமிஷன் அடிப்படை என்றால் நட்டம் தயாரிப்பாளர் பக்கம். ஒரே வசூலுக்கு மூன்று பேர் மூன்று கதை சொல்வது இதனால்தான்.

வெளிநாட்டு வசூலை ரூபாய்க்கு மாற்றிச் சொல்வதிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சீட்டு விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. நாம் கொடுக்கும் 20 ரிங்கிட்டை ரூபாயாக்கினால் அங்கத்திய விலையைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாது. ஆகவே இங்கே வந்த ஒரு கோடியும் சேலத்தில் வந்த ஒரு கோடியும் ஒரே எண்ணிக்கையான ஆட்கள் அல்ல. நம் நாட்டில் கேளிக்கை வரி மாநில விவகாரம் என்பதால், கோலாலம்பூர்க் கணக்கைப் பினாங்குக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்குதான் ஒரு படத்தை இன்னொன்றோடு ஒப்பிட நேர்மையான வழி.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நாயகன் அறிமுகக் காட்சியைக் கைப்பேசியில் எடுத்துப் புலனக் குழுக்களில் போடுவது அன்பின் வெளிப்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 43ஏ பிரிவின்படி அரங்கில் ஓடும் படத்தைப் பதிவு செய்வது குற்றம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. கைப்பேசியின் ஒலிவாங்கியில் நசுங்கிய அந்த 20 நொடியைக் கேட்டுத்தான் பின்னணி இசையைப் பற்றிப் பாதிப் பேர் முடிவுக்கு வருகிறார்கள் என்பதும் உண்மை.

தங்களிடம் என் வேண்டுகோள் இவை. ஞாயிறு பதிப்பின் திரைப்பட விமர்சனத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் நான்கு விவரம் போடுங்கள்: எந்த அரங்கில், என்ன ஒலி அமைப்பில் பார்த்தது; இங்கே ஓடும் பிரதி எத்தனை நிமிடம்; இடைவேளை விட்டார்களா; தணிக்கை வகை என்ன. நடிகர், இயக்குநர், இசையமைப்பாளரோடு நிறுத்தாமல் படத்தொகுப்பு, ஒலிக்கலவை, சண்டைப் பயிற்சி, நிறத் திருத்தம் செய்தவர்களின் பெயரையும் சேருங்கள். படத்தின் இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் எல்லாம் இருக்கிறது, விமர்சகர் இரண்டு நிமிடம் கூடுதலாக உட்கார்ந்தால் போதும். வசூல் செய்தி போடும்போது மொத்த வசூலா, பங்குத் தொகையா என்று குறிப்பிடுங்கள். வாசகர் கடிதங்களில் ஒலி, ஒளி பற்றிய புகார் வந்தால், அதே படத்தை வேறு அரங்கில் பார்த்தவரின் கடிதம் ஒன்றையும் பக்கத்தில் போடுங்கள். கோலாலம்பூரில் பார்த்தவருக்குக் கேட்காத வசனம் ஜார்ஜ்டவுனில் பார்த்தவருக்குத் தெளிவாகக் கேட்டிருந்தால், யாரைக் கேட்க வேண்டும் என்பது வாசகருக்கே விளங்கிவிடும்.

அன்புடன்,
ஒரு திரைப்பட ஆர்வலர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.